10 முறை தப்பாப் போட்டா எல்லாம் போச்சு: பென்டிரைவ் பூட்டு வேலை செய்வது எப்படி?

சான் பிரான்சிஸ்கோ புரோகிராமர் ஸ்டீபன் தாமஸின் 7,002 பிட்காயின்களுக்கான சாவி ஒரு 'அயர்ன்கீ' பென்டிரைவில் இருந்தது. பாஸ்வேர்டு எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். மொத்தம் 10 வாய்ப்பு. அதில் 8 தீர்ந்துவிட்டதாக 2021-ல் செய்தி வெளியானது.

ஏன் இவ்வளவு கறார்? வரம்பு இல்லையென்றால், திருடியவர் கம்ப்யூட்டரை வைத்தே லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துவிடுவார். அதனால் தவறுகளை டிரைவுக்குள் இருக்கும் சிப்பே எண்ணுகிறது. கழற்றி மாட்டினாலும் கணக்கு மாறாது. வரம்பைத் தொட்டதும் குறியாக்கச் சாவி அழிந்துவிடும். பிறகு உள்ளே இருக்கும் தகவலை யாராலும் படிக்க முடியாது.

திருடனா, மறந்துபோன உரிமையாளரா என்று சிப்புக்குத் தெரியாது. எனவே, பாஸ்வேர்டைப் பத்திரமான வேறு இடத்தில் எழுதி வைங்க. முக்கியமான ஃபைலுக்கு இன்னொரு காப்பியும் இருக்கட்டும்.