பூட்டும் அரிமானமும்

மனையைக் காக்கும் பூட்டே துருப்பிடித்து இறுகிவிடின், உரியவர்க்கும் அது திறவாது. ஆதலின், வலிமையைப் போன்றே அரிமானத்தைத் தாங்கும் திறனும் பூட்டிற்கு இன்றியமையாதது. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகள் இரும்பாலும் பித்தளையாலும் உருவாக்கப்படுகின்றன.

ஈரக்காற்றில் இரும்பின்மீது படியும் துரு பொருக்காக உதிர்வதால், அடியிலுள்ள உலோகமும் தொடர்ந்து அரிக்கப்படுகிறது. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் இத்துரு தோன்றுவதில்லை. ஆயினும், துத்தநாகத்தின் அளவு மிகுந்தால், ஈரம் தங்கும் இடங்களில் அது மட்டும் கரைந்து வெளியேற, நுண்துளைகள் நிறைந்த செம்பே எஞ்சும். சிறிதளவு வெள்ளீயம் சேர்ப்பின் இக்குறை தணியும்.

இயைபு சரியாக அமைந்தாலும், செய்முறை பிழைத்தால் பயனில்லை. இதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், படையினரின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் வெடிப்புற்றன. குளிர்நிலையில் உருவாக்கியபோது உறைக்குள் தங்கிய தகைவும், குதிரைக் கழிவிலிருந்து எழுந்த அம்மோனியாவும் இணைந்ததே காரணம் என 1921இல் அறிவியலார் விளக்கினர். உறைகளை அளவாகச் சூடேற்றி ஆறவிட்டால், தகைவு நீங்கி வெடிப்பும் தவிர்க்கப்படும். பித்தளைத் தகட்டை வளைத்துச் செய்யும் பொருள் எதுவாயினும், இவ்வுண்மை அதற்கும் பொருந்தும்.