அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதுண்டா?



உங்கள் மனைவிக்கு மிகவும் பிடித்த குழம்பு எது? கணவன்மார்களைத்தான் கேட்கிறேன். சட்டென்று பதில் சொல்ல முடிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். வகுப்பறையில் கேள்வி கேட்டே பழகிப்போன நாக்கு இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பிடித்தது அவளுக்குத் தெரியும். விடியற்காலையில் நீங்கள் பெரட்டுக்குப் புறப்படுமுன் குடிக்கும் கோப்பியில் எத்தனை கரண்டி சீனி போடவேண்டும், கருவாட்டை எந்தப் பதத்தில் பொரிக்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுக்குப் பிடித்தது எது? “அவளா? எது இருந்தாலும் சாப்பிடுவாள்.” நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இதுதானே பதில்?

இந்தக் கேள்வியை என் மனத்தில் போட்டது ஓர் ஆங்கிலப் படம். ‘வென் ஹேரி மெட் சாலி’ என்பது அதன் பெயர். ஹேரி என்பவன் சாலி என்பவளைச் சந்தித்தபோது என்று பொருள். 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த நகைச்சுவைக் காதல் கதை. சென்ற பள்ளி விடுமுறையில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டணத்தில் வேலை பார்க்கும் அக்காள் மகள் அதைப் போட்டுக் காட்டினாள். எழுத்தில் ஓடிய மலாய் வசனத்தைப் படித்து நாங்கள் இருவரும் கதையைப் பிடித்துக்கொண்டோம்.

கதை எளிமையானதுதான். 1977ஆம் ஆண்டு. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த இருவர் ஒரே காரில் நியூயார்க் போகிறார்கள். 18 மணி நேரப் பயணம். வழி நெடுக வாக்குவாதம். ஆணும் பெண்ணும் வெறும் நண்பர்களாக இருக்கவே முடியாது, உடலாசை குறுக்கே வந்துவிடும் என்பது ஹேரியின் கட்சி. சாலி ஒத்துக்கொள்ளவில்லை. நியூயார்க் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து விமானப் பயணத்தில் ஒருமுறை சந்திக்கிறார்கள். மேலும் ஐந்து ஆண்டு கழித்து ஒரு புத்தகக் கடையில் மறுபடியும் சந்திப்பு. அப்போது ஹேரியை மனைவி கைவிட்டிருந்தாள். சாலியும் தன் காதலனைப் பிரிந்திருந்தாள். அடிபட்ட இருவரும் நண்பர்களாகிறார்கள்.

சாலிக்கு ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டுக் கடைக்குப் போனால், தனக்கு வேண்டியதை வேண்டியபடியே கேட்பாள். ஆப்பிள் பணியாரம் சூடாக வேண்டும். ஐஸ்கிரீம் அதன் மேல் வேண்டாம், பக்கத்தில் தனியாக வேண்டும். அதுவும் இன்ன வகை கிடைத்தால் இப்படி, கிடைக்காவிட்டால் அப்படி என்று அடுக்கிக்கொண்டே போவாள். பரிமாற வந்தவள் விழிப்பாள். ஹேரியோ, இவள் என்ன பிறவி என்று பார்ப்பான். இந்தப் பழக்கம் கற்பனையன்று. படத்துக்குக் கதை வசனம் எழுதிய நோரா எஃப்ரன் என்ற அம்மையாரே கடையில் அப்படித்தான் கேட்பாராம். இயக்குநர் ரோப் ரைனர் அதைக் கவனித்து, கதாநாயகிக்கு அந்தக் குணத்தைக் கொடுக்கச் செய்தார்.

இனிச் சொல்லப்போவதைப் படித்து முகம் சுளிக்காதீர்கள். இது குடும்பப் பத்திரிகை என்பதும், நான் ஓர் ஆசிரியை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. சொல்லவேண்டியது என்பதால் சொல்கிறேன்.

ஒருநாள் நியூயார்க்கில் ‘காட்ஸ்’ என்ற பெயர்பெற்ற சாப்பாட்டுக் கடையில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தன்னிடம் வந்த பெண்கள் எல்லாரும் மனநிறைவோடுதான் போனார்கள் என்று ஹேரி பெருமையடித்துக்கொள்கிறான். உனக்கு எப்படித் தெரியும் என்று சாலி கேட்கிறாள். எனக்குத் தெரியாதா என்கிறான் அவன். படுக்கையில் இன்பம் அடையாமலே அடைந்ததுபோல் நடிக்காத பெண்கள் குறைவு என்கிறாள் அவள். என்னிடம் அப்படி யாரும் ஏமாற்ற முடியாது என்று அவன் சாதிக்கிறான்.

சாலி ஒரு கணம் அவனைப் பார்க்கிறாள். பிறகு அந்தக் கடையிலேயே, அத்தனை பேர் முன்னிலையில், முனகி, மூச்சு வாங்கி, மேசையைத் தட்டி, அந்த நடிப்பை நடித்துக் காட்டுகிறாள். கடை முழுவதும் வாயடைத்துப்போகிறது. நடித்து முடித்ததும், ஒன்றுமே நடவாததுபோல் முள்கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்குகிறாள்! ஹேரியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அடுத்த மேசையில் இருந்த ஒரு மூதாட்டி, அந்தப் பெண் சாப்பிடுவது எதுவோ அதையே தனக்கும் கொண்டுவரும்படி பணியாளிடம் சொல்கிறார்.

அந்த மூதாட்டியாக நடித்தவர் யார் தெரியுமா? இயக்குநரைப் பெற்ற தாய், எஸ்டெல் ரைனர். காட்சி எப்படி அமையவேண்டும் என்று கதாநாயகி மெக் ரயனுக்கு இயக்குநரே முதலில் நடித்துக் காட்டினாராம். எதிரில் அம்மா உட்கார்ந்திருக்கிறாரே என்பது பிறகுதான் உறைத்ததாம்!

இந்தக் காட்சி பிறந்த விதமும் கேட்கத்தக்கது. பெண்களைப் பற்றி ஆண்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள் என்று ரைனர் கேட்டபோது, இந்த நடிப்பைப் பற்றி நோரா எஃப்ரன் சொன்னார். ரைனர் நம்பவில்லை. அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்களைக் கேட்டபோது, அவர்களும் ஆமாம் என்றார்கள். படித்தவர், ஒருமுறை மணம் முடித்துப் பிரிந்தவர், அவருக்கே அதுவரை தெரியாது. ஏன்? அதுவரை அவர் கேட்டதில்லை.

இந்தக் காட்சியில் அக்காள் மகள் கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்காள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு பேச்சில்லை. படம் முடிந்து மகள் தூங்கப் போனபின், கோப்பிக் குவளையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “மாமா நல்ல மனுஷன்தான்டி. குடிக்கமாட்டாரு, அடிக்கமாட்டாரு. ஆனா இருபத்தஞ்சு வருஷத்துல, ஒனக்கு எப்படி இருக்குன்னு ஒருநாள்கூடக் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல.”

எனக்கு என் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. கணக்குப் பாடம் நடத்திவிட்டு, “புரிந்ததா?” என்று கேட்பேன். “புரிந்தது டீச்சர்!” என்று முழு வகுப்பும் ஒரே குரலில் கத்தும். மறுநாள் சோதனை வைத்தால் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரிந்திராது. ஆரம்ப காலத்தில் பிள்ளைகள்மேல் கோபப்பட்டேன். பிறகுதான் புரிந்தது: நான் கேட்ட கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. ‘இல்லை’ என்று சொன்னால் டீச்சர் முகம் மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளை நடிக்கிறது என்றால், உண்மையைச் சொல்ல அது பயப்படுகிறது என்று பொருள். அந்தப் பயத்தைப் போக்கவேண்டியது யார்? பிள்ளையா, ஆசிரியரா?

வீட்டிலும் அதே கதைதான். மனைவி ஏன் நடிக்கிறாள்? வஞ்சகமா? இல்லை. அவர் மனம் புண்படக்கூடாதே என்ற இரக்கம். கேட்டால் என்ன நினைப்பாரோ என்ற அச்சம். இதையெல்லாம் ஒரு குடும்பப் பெண் பேசலாமா என்ற கூச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளெல்லாம் வெயிலில் வேலை செய்துவந்த அலுப்பு. சீக்கிரம் முடிந்தால் தூங்கலாமே! சாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். பணியாரம் எப்படி வேண்டும் என்று பத்து நிபந்தனை போடத் துணிந்தவள், பெண்கள் நடிக்கத்தான் செய்கிறார்கள் என்று இயல்பாகச் சொல்கிறாள். சாப்பாட்டில் இருக்கும் வாய் படுக்கையறையில் அடைத்துப்போகிறது. நியூயார்க் பெண்ணுக்கே அப்படியென்றால், லயத்து வீட்டில், பலகைச் சுவருக்கு அப்பால் மாமியார் படுத்திருக்க, நம் பெண் என்னத்தைப் பேசுவாள்?

“டீச்சர், வெள்ளைக்காரன் பழக்கத்தை நம் வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்களே!” என்று சிலர் கேட்கலாம். அந்தப் படத்து மாந்தர் மணமாகுமுன்பே கூடி வாழ்கிறார்கள். அது அவர்கள் ஊர் வழக்கம். அதைப் பின்பற்றுங்கள் என்று நான் எழுதவில்லை. படமும் அப்படிப் போதிக்கவில்லை. பழைய காதலன் வேறொருத்தியை மணக்கப்போகிறான் என்று கேட்டுச் சாலி அழுத இரவில், ஆறுதல் சொல்ல வந்த ஹேரியோடு உறவு நேர்ந்துவிடுகிறது. அதுவரை மணிக்கணக்கில் பேசித் தீர்த்தவர்கள், அதன்பிறகு ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் விழிக்கிறார்கள். அவன் விடிந்ததும் நழுவுகிறான். நட்பே முறிந்துபோகிறது. உடல் சேர்ந்துவிட்டால் மனம் தானாகச் சேர்ந்துவிடாது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

அதுமட்டுமன்று. படத்தின் நடுநடுவே வயதான தம்பதியர் சோபாவில் அமர்ந்து, தாங்கள் சேர்ந்த கதையைச் சொல்கிறார்கள். உண்மைத் தம்பதியரிடம் கேட்டுத் திரட்டிய கதைகள் அவை; நடிகர்கள் சொல்கிறார்கள். அதில் ஒரு சீன முதியவர். பக்கத்துக் கிராமத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். கல்யாணம்வரை பார்க்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. இவர் திருட்டுத்தனமாகப் போய், மரத்துக்குப் பின்னால் ஒளிந்து, அவள் துணி துவைப்பதைப் பார்த்திருக்கிறார். பிடித்துப்போயிற்று, சம்மதித்தார். 55 ஆண்டு இல்லறம்! நம் பாட்டன் பாட்டி கதைபோலவே இல்லையா? நானும் ரசித்தேன். ஆனாலும் ஒரு கேள்வி: அவருக்கு ஒளிந்து பார்க்க ஒரு மரம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததா?

படத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இருவரும் சேராமல் போவதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்களாம். படப்பிடிப்பு நடந்த காலத்தில் ரைனர் மிஷெல் என்ற பெண்ணைச் சந்தித்துக் காதலித்தார். 1989இல் மணமும் முடித்தார். அதனால் கதையின் முடிவும் மாறியது. புத்தாண்டு இரவில் ஹேரி தெருவில் ஓடோடி வந்து, சாலியிடம் தன் காதலைச் சொல்கிறான். அவளுடைய அழகையா வருணிக்கிறான்? இல்லை. ஒரு ரொட்டியை வாங்க அவள் ஒன்றரை மணி நேரம் விளக்கம் சொல்வதைத்தான் விரும்புவதாகச் சொல்கிறான். எது அன்று அவனுக்கு விசித்திரமாகப் பட்டதோ, அதுவே இன்று பிடித்துப்போயிற்று. ஏனென்றால், இத்தனை ஆண்டில் அவன் அவளைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகிவிட்டான்.

கடைசிக் காட்சியில் இந்த இருவரும் அதே சோபாவில் அமர்ந்து தங்கள் திருமணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பெரிய தேங்காய்க் கேக் செய்தார்களாம். சாக்லேட் குழம்பை அதன்மேல் ஊற்றாமல் தனியாக வைத்தார்களாம். அப்படித்தானே சாலிக்குப் பிடிக்கும்! இப்போது அதை ஹேரியும் சேர்ந்து சொல்கிறான்.

நோரா எஃப்ரன் 2012இல் மறைந்தார். 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காத்துவைக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது. சிரிக்க வைத்ததற்காக மட்டும் இருக்காது என்பது என் எண்ணம்.

சகோதரிகளே, வெட்கம் வேறு, ஊமையாய் இருப்பது வேறு. கணவனிடம் ‘இது பிடிக்கும், இது வேண்டாம், இன்று முடியவில்லை’ என்று சொல்வது குடும்பப் பெண்ணுக்கு இழுக்கல்ல. சகோதரர்களே, “நல்லா இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள், அது என் “புரிந்ததா?” மாதிரி. “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். முதல் நாளே வராது. வெட்கப்படுவாள், “ஒன்னும் வேண்டாம், போங்க” என்பாள். மறுபடியும் ஒருநாள் கேளுங்கள்.

வேண்டுமானால் குழம்பிலிருந்து தொடங்குங்கள்.

பிறகு என் அக்காளிடமிருந்து ஒருநாள் தொலைபேசி வந்தது. மாமா பசாருக்குப் போகுமுன், “ஒனக்கு என்ன மீன் வேணும்?” என்று கேட்டாராம். அக்காளுக்குச் சட்டென்று பதில் வரவில்லையாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றாராம்.

நிற்கட்டும். இருபத்தைந்து வருடம் அவள் நின்றாளே!