குட்டியை யாரிடம் ஒப்புவிப்பது?

பெரம்பலூரிலிருந்து நமது நெடுநாளைய வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் நம் மேஜைமீது கிடக்கிறது. இரண்டு மாதம் நிறைந்த இராஜபாளையம் குட்டி ஒன்றை அவர் வாங்கி வந்திருக்கிறார். ஊரில் அநுபவஸ்தர் ஒருவர், "ஆறு மாதம் ஆகட்டும், அதற்குமுன் பழக்கினால் குட்டி கெட்டுவிடும்" என்கிறாராம். வெளியூர்ப் பயிற்சிக்காரர் ஒருவர், "45 நாள் எம்மிடம் விட்டுவிடுங்கள், சொன்னபடி கேட்கும் காவல் நாயாகத் திருப்பித் தருகிறோம்" என்று வாக்களிக்கிறாராம். அரியலூரிலுள்ள மைத்துனரோ, "நாய் வாலை நிமிர்த்தியவன் உண்டோ?" என்று நகைக்கிறாராம். இம்மூவரில் யார் சொல்வதை ஏற்பது என்பது அன்பரின் வினா.

தேசத்தின் பெரிய பிரச்னைகளை விட்டு இப்பக்கத்தில் நாய்க்குட்டிக்கு இடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கடிபட்ட குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி வாசலில் ஊசிக்காகக் காத்து நின்ற தந்தை அவ்வாறு கேட்கமாட்டார். வெறிநாய்க்கடி நோயின் குறிகள் வெளிப்பட்டபின் அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தெரு நாய்களைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு பிறப்பித்து, பதினோரு நாட்களில் அதனைத் திருத்தவும் செய்தது. நாடு முழுவதும் அதைப்பற்றியே வாதம் நடந்தது. ஆனால் வாதாடிய நம்மில் எத்தனை பேர் நமது வாசற்படியில் கட்டியிருக்கும் நாயைப் பற்றிச் சிந்தித்தோம்? தெரு நாயின் குற்றத்திற்கு முனிசிபாலிடியைக் கை காட்டலாம். வீட்டு நாயின் குற்றத்திற்கு யாரைக் காட்டுவது?

முதலில் மைத்துனரின் வாதத்தைப் பார்ப்போம். நாயைப் பழக்க முடியாதென்றால் கிடை போடும் கீதாரிக்கு நாயால் என்ன பிரயோஜனம்? ஆட்டுக் குட்டிகளின் நடுவே கண் திறந்து வளரும் நாய்க்குட்டி, பெரிதான பின் ஆட்டைத் தன் கூட்டமாகவே எண்ணுகிறது. நரி வந்தால் எதிர்க்கிறது, ஆட்டைத் தீண்டுவதில்லை. இதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டியிருக்கவில்லை. எந்த வயதில் எதனோடு சேர்ந்து வளர்ந்தது என்பதே அதன் கல்வி.

அநுபவஸ்தர் சொல்லும் ஆறு மாதக் கணக்கு தவறென்பதும் இதிலிருந்தே விளங்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது மனிதப் பிள்ளைக்குச் சொன்னது. நாய்க்கு அந்தக் காலம் இன்னும் குறுகியது. ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் 1961ல் வெளியிட்ட சோதனை இவ்விஷயத்தில் பிரசித்தமானது. வேலியிட்ட வயலில் மனித வாடையே இன்றித் தாயோடு வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வாரங்களில் வெளியே எடுத்துப் பழக்கினார்கள். 14 வாரம்வரை மனிதரோடு பழகாத குட்டிகள் பின்னர் எத்தனை அன்பு காட்டியும் காட்டு மிருகம்போல் மிரண்டே நின்றன. பிறந்த 3ஆம் வாரம் தொடங்கி ஏறத்தாழ 12 முதல் 14 வாரம்வரை உள்ள காலமே குட்டியின் மனக்கதவு திறந்திருக்கும் காலம் என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. அதற்குள் அமைதியாகப் பார்த்தும் கேட்டும் பழகிய பொருள்கள் அதற்கு உறவாகின்றன. பின்னர் புதிதாகக் காண்பவற்றை அது சந்தேகத்தோடு நோக்குகிறது. ஆறு மாதம் காத்திருக்கச் சொல்பவர், கதவு சாத்திய பிறகு தட்டச் சொல்கிறார்.

இவ்விடத்தில் நமது சொந்தப் பிழை ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்குமுன் நம் வீட்டிலும் ஒரு குட்டி வளர்ந்தது. வெளியாரோடு பழகினால் காவல் கெடும் என்ற யோசனையைக் கேட்டு அதனைக் கொல்லைப்புறத்திலேயே கட்டி வளர்த்தோம். முரடாகிவிட்டது என்று கண்டபின் ஒரு பயிற்சிக்காரரிடம் ஒரு மாதம் விட்டோம். திரும்பி வந்தபோது, நாம் கையை உயர்த்தினால் அது சுருண்டு படுத்தது. அதனைப் பணிவு என்று எண்ணி மகிழ்ந்தோம்; அது அச்சம் என்பது நமக்குப் புலப்படவில்லை. சில வாரங்களுக்குப்பின், பந்து எடுக்க உள்ளே வந்த அடுத்த வீட்டுச் சிறுவன் அதைத் தடவக் கை நீட்டினான். உயர்ந்த கையைக் கண்ட நாய் அவன் முன்கையைக் கவ்விவிட்டது. சிறுவன் ஊசிகள் போட்டுக்கொண்டு தப்பினான், தழும்பு நின்றது. நாயோ எஞ்சிய வாழ்நாளெல்லாம் சங்கிலியிலேயே கழித்தது. அச்சிறுவனின் தாயார் நம்மை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வழக்குத் தொடுத்திருந்தால் அதைவிட எளிதாகத் தாங்கியிருப்போம்.

வழக்கு என்றதும் சட்டத்தையும் சொல்லிவிடுவது நம் கடமை. தன் வசமுள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி தக்க எச்சரிக்கை கொள்ளாதவருக்கு, பாரதீய நியாய சம்ஹிதையின் 291ஆம் பிரிவு 6 மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. சதா கட்டியே வைத்திருக்கும் நாயைத் தக்கபடி உலாவ விடாமலிருப்பதும் 1960ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமே. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்பது 2017ஆம் வருஷத்து விதி. ஆயின் வீட்டு நாயைப் பழக்கும் தொழிலுக்கென்று உரிமம் வழங்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. எவரும் பலகை மாட்டலாம், எவரும் கட்டணம் வாங்கலாம். ஆதலின் விசாரித்து அறியும் பொறுப்பு முழுவதும் குட்டிக்குரியவர் தலையில் விழுகிறது.

இனி அந்த 45 நாள் வாக்குறுதி. குவாலியருக்கு அருகிலுள்ள தேகன்பூரில் எல்லைக் காவல் படையினர் நடத்தும் தேசிய நாய்ப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே நாயை மட்டும் விட்டுவிட்டு வந்து பின்னர் வாங்கிச் செல்வதில்லை. நாயும் அதனை நடத்தும் வீரரும் சேர்ந்தே பயிற்சி பெறுகிறார்கள். ஆயுதம் தாங்கிய படைக்கே இதுதான் முறையென்றால், வெங்காயக் காட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் குடும்பத்தார், தாம் ஒன்றும் கற்காமல் நாய் மட்டும் கற்றுவர வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமா? பயிற்சிக்காரர் சொல்லுக்கு நாய் கீழ்ப்படியும். வீட்டுக்கு வந்ததும் யார் சொல்லுக்குக் கீழ்ப்படியும்? அன்றியும், திறந்திருக்கும் சில வாரங்களில் ஆறு வாரத்திற்கு மேற்பட்டதை வேறொருவர் கூண்டில் செலவிடுவது நம் குட்டிக்கு ஈடு செய்யவொண்ணாத நஷ்டம்.

ஆகவே ஒரு பயிற்சிக்காரரைத் தேர்ந்தெடுக்கும் அன்பர்கள், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் சில கேள்விகளை நேரே கேட்க வேண்டும். நாய் சொன்னதைச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? இவ்விரண்டுக்கும் தெளிவான விடை வேண்டும். "அது தொழில் ரகசியம்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். முள் வளையம், மின்சாரப் பட்டை, கழுத்தை இறுக்கும் சங்கிலி, பிரம்பு ஆகியவை அவர் கருவிகளானால் அவர் கற்பிப்பது நாம் மேலே சொன்ன அச்சத்தைத்தான். போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. தண்டித்துப் பழக்கும் பள்ளிகளில் பயின்ற நாய்களிடம், தின்பண்டமும் விளையாட்டும் தந்து பழக்கும் பள்ளிகளின் நாய்களைவிட மனக்கலக்கத்தின் குறிகள் அதிகம் காணப்பட்டன என்று அது கூறுகிறது.

அடுத்து, பயிற்சி நடக்கும்போது நாம் உடனிருக்கலாமா என்று கேட்க வேண்டும். சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். அங்குள்ள நாய்கள் வாலை இடுக்கிப் பதுங்குகின்றனவா, பயிற்சிக்காரரைக் கண்டதும் துள்ளி வருகின்றனவா என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். குட்டிகளைச் சேர்த்துப் பழக்குவதாயின், வரும் ஒவ்வொரு குட்டியின் தடுப்பூசிச் சீட்டையும் அவர் பார்க்கிறாரா, தரையைச் சுத்தம் செய்கிறாரா, பெரிய முரட்டுக் குட்டியிடமிருந்து பயந்த குட்டியைப் பிரித்துக் காக்கிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும். தகுந்த கால்நடை வைத்தியரோடு தொடர்பு உள்ளவரா, கட்டணத்தையும் நாட்களையும் எழுதித் தருவாரா என்பதும் கேட்கத்தக்கவை. "முழு உத்தரவாதம்" என்று சொல்பவரையும், ஓரிரு மாதத்தில் கடிக்கக் கற்பித்துத் தருவதாகச் சொல்பவரையும் நம்பலாகாது. உயிருள்ள பிராணிக்கு உத்தரவாதச் சீட்டு எழுத எவராலும் இயலாது.

ஊசி முழுவதும் முடியுமுன் குட்டியை வெளியே எடுக்கலாமா என்ற சந்தேகம் எழும். பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய் குட்டிகளை வாரிக்கொண்டு போவதால் இச்சந்தேகம் நியாயமானதே. அமெரிக்கக் கால்நடை நடத்தை வைத்தியர் சங்கத்தார், குட்டிக்குக் குறைந்தது ஒரு சுற்றுத் தடுப்பூசி போட்டு 7 நாள் சென்றபின், 7 அல்லது 8 வார வயதிலேயே சுத்தமான இடத்தில் மற்றக் குட்டிகளோடு பழகவிடலாம் என்கிறார்கள். நம் ஊர்த் தெருக்களின் நிலையில், குட்டியைத் தரையில் விடாமல் கையிலோ கூடையிலோ எடுத்துச் செல்வது உத்தமம். வெறிநோய்த் தடுப்பூசி உட்பட மற்ற ஊசிகளை வைத்தியர் சொல்லும் தவணைப்படி போடுவதில் ஒரு நாளும் தவறலாகாது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பெரிய நகரங்களைப்போல் விரும்பியபடி பொறுக்கியெடுக்கப் பயிற்சிக்காரர்கள் பலர் இல்லையே என்று அன்பர்கள் ஏங்க வேண்டியதில்லை. குட்டிக்கு வேண்டிய பாடங்கள் ஊரிலேயே இருக்கின்றன. அரியலூரில் சிமெண்டு லாரியின் இரைச்சலும் ரயிலின் ஊதலும், பெரம்பலூரில் சென்னை நெடுஞ்சாலையின் பஸ்களும், கோயில் மேளமும், குடை பிடித்தவரும், காக்கிச் சட்டை அணிந்தவரும், கைத்தடி ஊன்றிய முதியவரும், ஓடியாடும் பிள்ளைகளும் குட்டி நிதானமாகக் காணவேண்டிய காட்சிகள். முதலில் தூரத்தே நின்று, அது மிரளாத அளவுக்கு மட்டும் காட்டி, உடனே ஒரு துண்டு தின்பண்டம் தரவேண்டும். மிரண்டால் இழுத்துப் போகாமல் விலகி நிற்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு, ஊசி இல்லாத நாளிலும் ஒருமுறை கொண்டுபோய்த் தடவிக் கொடுத்து வந்தால், பின்னர் ஊசிபோடும் நாளில் அது வைத்தியரைக் கடிக்க வராது. ஒரே தெருவில் குட்டி வளர்ப்போர் மூவர் நால்வர் சேர்ந்து, தடுப்பூசி போட்ட குட்டிகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் வீட்டு முற்றத்தில் அரைமணி நேரம் விளையாட விட்டால் அதுவே ஒரு பள்ளிக்கூடம். குழந்தைகளுக்கும் அங்கேயே பாடம் சொல்லலாம்: உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடாதே, அந்நிய நாயை உடையவரைக் கேளாமல் அணுகாதே.

நம் அன்பருக்கு மேலும் இரண்டு வார்த்தை. இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. குட்டி திரும்பிப் பாராமலிருந்தால் அதனைப் பிடிவாதம் என்று அடிக்குமுன், பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கட்டும். இரண்டாவது, நாய்க்கு இங்கிலீஷில் ஆணையிட்டால்தான் விளங்கும் என்று பயிற்சிக்காரர் சிலர் நினைக்கிறார்கள். "சிட்" என்பதும் "உட்கார்" என்பதும் நாய்க்கு வெறும் ஓசைகளே. வீட்டிலுள்ள பாட்டி முதல் பேரன்வரை எல்லோரும் ஒரே விதமாகச் சொல்லக்கூடிய சொல் எதுவோ அதுவே சிறந்த சொல். 2005ல் தபால் தலையில் பொறித்து நாடு கௌரவித்த ஜாதியைச் சேர்ந்த நாய்க்குத் தமிழில் ஆணையிடுவதில் குறைவொன்றுமில்லை.

அன்பரின் குட்டிக்கு இப்போது வயது ஒன்பது வாரம் இருக்கலாம். இக்கடிதத்துக்கு நாம் விடை எழுதுவதற்குள்ளேயே ஒரு வாரம் கழிந்துவிட்டது. நல்ல பயிற்சிக்காரர் கிடைத்தால் அவரிடம் குட்டியோடு தாமும் போய்க் கற்கட்டும். கிடைக்காவிட்டால் அவருக்காகக் காத்திராமல் இன்று மாலையே குட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரட்டும். அடுத்த வீட்டுச் சிறுவனை அழைத்து அவன் உள்ளங்கையில் ஒரு துண்டு ரொட்டியை வைத்து, அதனைக் குட்டி உண்ணட்டும். நாம் செய்யத் தவறியது அதுதான்.