குடிக்கூலியும் ஒற்றியும் அறுதியும்

மனையொன்றில் வாழ விரும்பும் குடும்பத்தார்க்கு இருவழிகளே உள எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. குடிக்கூலி கொடுத்துப் பிறர் வீட்டில் இருத்தல் ஒன்று. விலை கொடுத்து வீட்டைத் தமதாக்கிக்கொள்ளுதல் மற்றொன்று. குடிக்கூலிப் பணம் மீண்டு வாராது. விலைப்பணமோ வீடாக நிலைத்து நிற்கும். ஆதலின் கடன்பட்டேனும் வாங்குதலே அறிவுடைமை என்பது பலர் துணிபு. இத்துணிபு எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்தற்கு, யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் கையாண்டுவந்த மூன்றாம் வழியாகிய ஒற்றி நல்லதோர் உரைகல்லாகும்.

ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் தொகுப்பித்ததும், ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் வலுவளித்ததுமாகிய தேசவழமையில் ஒற்றி விரிவாகக் கூறப்பட்டுள்ளது. காணியுடையவன் பிறனொருவனிடம் கடன் பெறுகின்றான். ஆயின் வட்டி கொடுப்பதில்லை. கடன் கொடுத்தவன் காணியைத் தன் ஆட்சியிற் கொண்டு, அதன் பயனை வட்டிக்குப் பதிலாக நுகர்கின்றான். முதல் திருப்பிக் கொடுக்கப்பட்டதும் காணி உடையவனிடம் மீளும். காணியைக் கையளியாது வட்டிக்குக் கடன் பெறுதல் ஈடு எனப்படும். மீட்பின்றி விற்றுவிடுதல் அறுதி எனப்படும்.

வயலுக்கும் தோட்டத்துக்கும் உரிய இம்முறையை வீட்டுக்குப் பொருத்தி நோக்கின் ஓருண்மை புலப்படும். வீட்டுக்கு வாடகையில்லை; பணத்துக்கு வட்டியில்லை. ஒன்று மற்றொன்றுக்குச் சரியாகி விடுகின்றது. எனவே வாடகையும் வட்டியும் ஒரே பொருளின் இருபக்கங்களே. சொந்த வீட்டில் வாழ்வோன் வாடகை கொடுப்பதில்லை என்பது வெளித்தோற்றம். விலைப்பணம் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியை அவன் ஆண்டுதோறும் இழக்கின்றான்.

எடுத்துக்காட்டாக, 200 இலட்சம் ரூபா விலையுள்ள வீடொன்றின் மாத வாடகை 50,000 ரூபா எனக் கொள்வோம். ஆண்டு வாடகை 6 இலட்சம். விலைப்பணத்தை நூற்றுக்கு 8 வட்டியில் வைப்பிலிடின் 16 இலட்சம் வரும். திருத்தச் செலவும் வரியும் 1 இலட்சமாயின், சொந்த வீட்டின் ஆண்டுச் செலவு 17 இலட்சமாகும். மிகுதியான 11 இலட்சத்தை ஈடுசெய்தற்கு வீட்டின் விலை ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்தரை வீதம் உயர்தல் வேண்டும். வட்டி நூற்றுக்கு 4 ஆகத் தாழின், ஒன்றரை வீத உயர்வே போதும்.

எனினும் பணத்தின் மதிப்பு நிலையானதன்று. 2022 செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 70ஐ அண்மித்தது. அக்காலத்து வைப்புப் பணம் தேய்ந்தது. வீடு வீடாகவே நின்றது. மாறும் வட்டிக்குக் கடன்பட்டு வாங்கியோரோ தவணைப் பணம் பெருகக் கண்டு இடர்ப்பட்டனர். ஆகவே கைப்பணத்தால் வாங்குதலும் கடனால் வாங்குதலும் ஒன்றல்ல.

சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதியின்றிச் செல்லாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் அவ்வாறே. தேசவழமைக்குட்பட்ட காணியாயின், கூட்டுரிமையாளரும் உரித்தாளரும் பிறர்க்கு முன் அதனை வாங்கும் உரிமையுடையர்; 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதனை வரையறுத்தது. அவர்க்கு அறிவித்தல் கொடாது வாங்கிய காணி வழக்குக்கு இடமாகலாம். மறுபுறம், 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தனக்குட்பட்ட வீடுகளில் வாடகை உயர்வையும் குடியெழுப்புதலையும் கட்டுப்படுத்திற்று. 1973ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமோ வாடகைக்கு இருந்தோர் பலர் தாமிருந்த வீட்டுக்கே உடைமையாளராதற்கு வழி திறந்தது.

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்குவோர் பலர் தமக்காக வாங்குவதில்லை. மகளின் சீதனத்துக்காகவே வாங்குகின்றனர். ஈடுவைத்துச் சீதனவீடு கட்டிய தந்தை, முதுமையில் வட்டி கட்டித் தளர்தல் புதிதன்று. அந்நிலையில் வீடு செல்வமன்று, சுமையேயாகும்.

மூன்று வினாக்களுக்கு விடை கண்டபின் முடிவு செய்தல் நன்று. அவ்வூரில் எத்தனை ஆண்டு வாழ்தல் உறுதி? வட்டி ஏறினும் தவணை கட்ட இயலுமா? உறுதியிற் குற்றமில்லையா? இடமாற்றத்துக்குரிய ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும் குடிக்கூலி வீடு இழிவன்று; வேர்கொண்டு வாழ்வார்க்கு அறுதி பொருந்தும். பிறர் வாங்கினர் என்பதொன்றே காரணமாக வாங்குதல் எவர்க்கும் பொருந்தாது.