ஊமத்தை: அழகும் நஞ்சும்

ரவாங் வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களில் கத்தரி, மிளகாய், தூதுவளை முதலிய செடிகளைக் காணலாம். இவை அனைத்தும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூவின் அழகுக்காகச் சிலர் வளர்க்கும் ஊமத்தையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மலாய் மொழியில் இதனைக் ‘கெச்சுபோங்’ என்பர். ஆயினும், தன் உறவுச் செடிகளைப் போல் இஃது உண்ணத்தக்கதன்று.

ஊமத்தையில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் ‘புனித ஊமத்தை’ எனப்படும் வகை, அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களிலும் வட மெக்சிகோவிலும் இயற்கையாக வளர்கிறது. கிழங்கு போல் தடித்த அதன் வேர், வறட்சியைத் தாங்க உதவுகிறது. செடியின் மேற்பகுதி காய்ந்து மடிந்தாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்விடும். அதன் பெரிய வெண்ணிறப் பூக்கள் மாலையில் மலர்ந்து மணம் வீசும். இரவில் அந்துப்பூச்சிகளை ஈர்க்கும். குறைந்த நீரே போதுமென்பதால், வறண்ட நாட்டுத் தோட்டங்களில் இஃது அழகுச்செடியாகவும் நடப்படுகிறது. மழை மிகுந்த நம் நாட்டிலோ நீர் தேங்கினால் அதன் வேர் அழுகிவிடும்.

பசுமை அரிதான நிலத்தில் இச்செடியை விலங்குகள் ஏன் தின்று தீர்ப்பதில்லை? அதன் வேர் முதல் விதை வரை அட்ரோபின், ஸ்கோபோலமின் போன்ற நச்சுப்பொருள்கள் நிறைந்துள்ளன. தமிழ்நாட்டின் தரிசு நிலங்களில் வளரும் ஊமத்தையிலும் இவை உண்டு. சிவபெருமானுக்குச் சாத்தும் மலர் என்பதால் அது தீங்கற்றது என எண்ணிவிடக் கூடாது.

ஊமத்தையை உண்டவருக்கு வாய் வறளும், கண்பாவை விரியும், இதயம் வேகமாகத் துடிக்கும், மனம் குழம்பும். உயிருக்கே ஆபத்து நேரலாம். அவ்வேளையில் கைவைத்தியம் பார்க்காமல், 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அல்லது அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உண்ட செடியின் ஒரு பகுதியை எடுத்துச் சென்றால் மருத்துவர் நஞ்சை விரைவில் அறிய இயலும். பினாங்கு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் இத்தகைய நேரங்களில் ஆலோசனை வழங்குகிறது.

இந்த நச்சுப்பொருள்களே மருத்துவத்திலும் பயன்படுகின்றன. கண் பரிசோதனையின்போது பாவையை விரிக்க அட்ரோபினும், பயணத்தில் ஏற்படும் குமட்டலைத் தடுக்க ஸ்கோபோலமினும் உதவுகின்றன. அங்கு அவற்றின் அளவு துல்லியமாக வரையறுக்கப்படுகிறது. செடியிலோ அவ்வளவு இலைக்கு இலை மாறுபடும். ஆகவே, ஊமத்தையைக் கண்டு இரசிக்கலாம். ஆனால், ஒருபோதும் வாயில் வைத்தல் ஆகாது.