ஜடேஜா போனால் ஒரு ஆள்தானே குறையும்? சி.எஸ்.கே. ட்ரேடின் உண்மையான கணக்கு

தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வத்தல்மலை. அங்குள்ள காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்துக்கு ரெண்டு வேலை. கீழே இருக்கும் காப்பிச் செடிக்கு அது நிழல் தரும், மிளகுக் கொடிக்கு ஏறிப் படர இடம் கொடுக்கும். நல்ல விலை வருதேன்னு ஒரு மரத்தை வெட்டிக் கொடுத்தால், கணக்கில் குறைவது ஒரு மரம்தான். ஆனால் தோட்டத்தில் மிளகும் போச்சு, நிழலும் போச்சு.

2025 நவம்பர் 15-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கியது.

“நம்ம ஜட்டுவைக் கொடுத்துட்டாங்களே” என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கள் அழுது தீர்த்தன. 12 சீசன் ஆடியவர். ஐபிஎல்-ல் சி.எஸ்.கே.வுக்காக அதிக விக்கெட் எடுத்தவர். 2023 ஃபைனலில் கடைசி ரெண்டு பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது சிக்ஸும் ஃபோரும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவர். அழுகை நியாயம்தான். ஆனால் ட்ரேடு என்பது சென்டிமென்ட் கணக்கு மட்டும் இல்லை.

பணம் எப்படி மாறியது?

சி.எஸ்.கே.வில் ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி, கரனுக்கு 2.4 கோடி. மொத்தம் 20.4 கோடி வெளியே போனது, சாம்சனுக்காக 18 கோடி உள்ளே வந்தது. ஆக, ஏலப் பையில் 2.4 கோடி மிச்சம். ராஜஸ்தானுக்கும் லாபம்தான். ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியாகக் குறைக்கப்பட்டதால், 18 கோடி சாம்சன் போன இடத்தில் ரெண்டு ஆட்களும் 16.4 கோடிக்குள் அடங்கிவிட்டார்கள். 4 கோடியை விட்டுக்கொடுத்தது ஜடேஜா மட்டும்தான்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். ஐபிஎல்-ல் வீரர் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் ட்ரேடு நடக்காது. அமெரிக்க என்பிஏ கூடைப்பந்தில் அப்படி இல்லை. பெரும்பாலான வீரர்களை அணி நினைத்தால் மாற்றிவிடலாம். 2024-ல் டல்லாஸ் மாவெரிக்ஸை ஃபைனல் வரை கூட்டிப்போன லூகா டோன்சிச், அடுத்த பிப்ரவரியிலேயே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு மாற்றப்பட்டார். டல்லாஸுக்கு முக்கியமாகக் கிடைத்தது ஆந்தனி டேவிஸ். அந்த சீசனில் டல்லாஸ் பிளே-ஆஃபுக்கே போகவில்லை. ட்ரேடைச் செய்த மேனேஜர் நிக்கோ ஹாரிசனுக்கு எதிராக சொந்த ரசிகர்களே மைதானத்தில் கோஷம் போட்டார்கள். 2025 நவம்பரில் அவர் வேலையும் போனது.

நம்ம ஊரிலும் உதாரணம் இருக்கு. 2024 சீசனுக்கு முன் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனார். அந்த வருஷம் மும்பை கடைசி இடம், குஜராத் எட்டாவது இடம். கொடுத்த அணியும் சரிந்தது, வாங்கிய அணியும் சரிந்தது.

சி.எஸ்.கே.வில் எங்கே ஓட்டை விழுந்தது?

ஜடேஜா ஒரே ஆளாக மூன்று வேலை பார்த்தார்: நாலு ஓவர் ஸ்பின், மிடில் ஆர்டரில் இடதுகை பேட்டிங், பவுண்டரியில் ரன் தடுப்பது. அவர் இருந்தவரை கூடுதலாக ஒரு பேட்டரையோ பவுலரையோ சேர்த்துக்கொள்ள முடிந்தது. இப்போது அந்த வசதி இல்லை. சேப்பாக்கம் மாதிரி ஸ்பின் எடுக்கும் மைதானத்தில் இது இன்னும் உறைக்கும்.

டிசம்பர் 16 அபுதாபி ஏலத்தைப் பாருங்கள், ஓட்டையின் அளவு தெரியும். 30 லட்சம் அடிப்படை விலை வைத்திருந்த உத்தரப் பிரதேசத்தின் 20 வயது பிரசாந்த் வீரை சி.எஸ்.கே. 14.2 கோடிக்கு எடுத்தது. அவரும் இடதுகை ஸ்பின், இடதுகை பேட்டிங். அப்போது இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாதவர். கூடவே இன்னொரு இடதுகை ஸ்பின்னர் அகீல் ஹொசைன், 2 கோடிக்கு. ட்ரேடில் மிச்சமானது 2.4 கோடி, அதே இடத்தை நிரப்பப் போனது 16.2 கோடி. “சாம்சன் 18 கோடிக்குக் கிடைச்சார்” என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.

அப்புறம் ஏன் செய்தார்கள்?

வேறு வழி குறைவு. 2025-ல் 14 மேட்சில் 4 வெற்றி, சி.எஸ்.கே. வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடம். தோனிக்கு அப்போது 44 வயது. விக்கெட் கீப்பிங்கும் டாப் ஆர்டர் பேட்டிங்கும் தெரிந்த, கேப்டன்சி பார்த்த 31 வயது இந்திய வீரர் ஏலத்தில் சும்மா கிடைக்க மாட்டார். ஜடேஜாவுக்கோ 37 ஆகிவிட்டது. சர்வதேச டி20-யிலிருந்து 2024-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். காயும் மரத்தைக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் மரத்தின் வயசையும் பார்த்திருக்கிறார்கள். கேப்டன் பதவி மட்டும் சாம்சனுக்கு இல்லை, அது ருதுராஜிடமே இருக்கும் என்று சி.எஸ்.கே. அன்றைக்கே சொல்லிவிட்டது.

ராஜஸ்தான் பக்கம் கதை கொஞ்சம் எளிது. 2025-ல் அவர்களும் ஒன்பதாவது இடம்தான். ஓப்பனிங்கில் ஜெய்ஸ்வாலும், 35 பந்தில் சதம் அடித்த வைபவ் சூர்யவன்ஷியும் இருக்கிறார்கள். கீப்பிங்குக்கு துருவ் ஜுரெல். அதனால் சாம்சன் இல்லாமலும் அணி நிற்கும். ஆனால் வெளிநாட்டு வீரர் கோட்டா நிரம்பியிருந்ததால் கரனுக்கு இடம் வேண்டும். ஹசரங்காவையும் தீக்ஷனாவையும் விடுவித்தார்கள். ரெண்டு பேரும் ஸ்பின்னர்கள். அந்த இடத்துக்குத்தான் ஜடேஜா, ஏலத்தில் ரவி பிஷ்னோய்.

ஜடேஜாவுக்கு இது புது வீடும் இல்லை. 19 வயதில், 2008-ல், ராஜஸ்தானோடு முதல் ஐபிஎல் கோப்பையை வென்றவர். 2010-ல் விதியை மீறி வேறு அணியோடு பேசினார் என்று ஒரு சீசன் தடை வாங்கியதும் ராஜஸ்தானில் இருந்தபோதுதான்!

சரி, சி.எஸ்.கே. மனசு மாறினால்? ஏலத்துக்குப் பிறகும் ட்ரேடு ஜன்னல் திறக்கும், சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்வரை. ஆனால் அதே ஏலத்தில் வாங்கிய வீரரை அந்த சீசனில் ட்ரேடு செய்யக் கூடாது என்பது விதி. பிரசாந்த் வீர் சரியாக வரவில்லை என்றாலும் 2026-ல் அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது.