பொன்முகம் பூண்ட இளவரசி

சீனத்துப் பழங் கல்லறைகளைப் பற்றிப் பேசுவோர் பச்சைக்கல்லையே முதற்கண் எடுத்துரைப்பர். 1968ஆம் ஆண்டில் மான்செங் என்னுமிடத்தில், ஹான் அரசகுலத்தவனாகிய லியூ ஷெங்குக்கு அணிவிக்கப்பெற்ற பச்சைக்கல் அங்கி, பொற்கம்பியாற் கோக்கப்பட்டதாய் வெளிப்பட்டமையே இதற்குக் காரணமாகலாம். ஆயின் பொன்னையும் வெள்ளியையும் தகடாக அடித்து, இறந்தோர்க்கு முகமாக அணிவிக்கும் வழக்கம், வடபுல்வெளிகளிலே குதிரையேறி வாழ்ந்த கித்தானியரிடத்தேதான் பெருவழக்காயிற்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்கள் நிறுவிய லியாவோ பேரரசு 1125இல் வீழ்ந்தது.

1986இல் உள்மொங்கோலியாவின் நைமான் பகுதியில் அகழப்பெற்ற கல்லறையொன்றை ஈண்டு விரித்துரைக்க விரும்புகின்றோம். கள்வர் கைபடாது எஞ்சியது அது. லியாவோ பேரரசன் ஜிங்சோங்கின் பேர்த்தியாகிய சென் நாட்டு இளவரசியும், அவளுக்கு முன்னரே இறந்த கணவன் சியாவோ ஷாவோஜுவும் அங்கே அருகருகே கிடத்தப்பட்டிருந்தனர். இளவரசி இறந்தது 1018இல் என்றும், அப்போது அவளுக்கு வயது பதினெட்டே என்றும் உள்ளிருந்த கல்வெட்டுக் கூறுகின்றது. எம் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர் வயது!

இருவர் முகத்திலும் பொன்முகமூடிகள். உடல் முழுவதும் வெள்ளிக்கம்பி வலை. காலிலே பொன்முலாம் பூசிய வெள்ளிச் சப்பாத்து. கழுத்திலே அம்பர் மணிமாலை. இளவரசியின் முகமூடி ஏறக்குறைய இருபது சென்ரிமீற்றர் நீளமுடையது. மெல்லிய தகட்டை அடித்து உருவாக்கியது. விளிம்பிலே சிறு துளைகளிட்டு, அவற்றின் வழியே கம்பி செலுத்தித் தலைவலையுடன் பிணைத்திருக்கின்றனர். திரண்ட கன்னம், நீண்ட மூக்கு, மூடிய இதழ். கண்களோ திறந்திருக்கின்றன.

இதன் நோக்கம் யாது? கித்தானியரின் எழுத்துக்கள் இன்றும் முற்றாக வாசிக்கப்படாமையால், அயலாராகிய சீனர் எழுதியவற்றையே பெரிதும் துணைக்கொள்ள வேண்டியுள்ளது. செல்வர் இறந்தால் வயிற்றைக் கீறிக் குடலை அகற்றிக் கழுவி, நறுமணப் பூண்டும் உப்பும் படிகாரமும் நிறைத்துத் தைப்பர். பின்னர் பொன்னாலோ வெள்ளியாலோ முகமூடி செய்து, கைகால்களைச் செப்புக்கம்பியாற் சுற்றுவர் என்று சுங் காலத்தவரான வென் வெய்ஜியன் குறித்துள்ளார். 947இல் படையெடுப்பினின்று மீளும் வழியில் இறந்த பேரரசன் யெலூ தெகுவாங்கின் வயிற்றிலே உப்பை நிரப்பியே நாடு கொண்டுசென்றனர். சீனர் அதனை 'அரச உப்புக்கண்டம்' என எள்ளினர். எள்ளல் எமக்கு உடன்பாடன்று. தம்மவர் உடல் குலையாது முன்னோர் நிலத்தை அடைதல் வேண்டுமென்ற ஏக்கத்தையே நாம் அதிற் காண்கின்றோம். உடலைக் காக்கும் அம்முயற்சியோடு முகமூடியும் ஒன்றியதென்று கொள்ளுதல் பொருத்தமே.

முகமூடியின் உலோகம் தகுதிக்கேற்ப வேறுபட்டது. அரச குடும்பத்தார்க்குப் பொன். ஏனைய உயர்குடியினர்க்கு வெள்ளியும், பொன்முலாமிட்ட வெள்ளியும், வெண்கலமும். ஆயினும் இவ்வழக்கத்தின் வேர் கித்தானியரோடு முடிவதன்று. சங் காலத்து ஜெங்ஜோ நகரிலே, மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட உயர்குடிக் கல்லறையொன்றில் பொன்முகமூடி கிடைத்த செய்தி 2022இல் வெளியாயிற்று. அதன் நிறை நாற்பது கிராம் அளவே.

கல்லறைக் கள்வராற் சந்தைக்கு வந்த முகமூடிகளும் பல. அவை எவருடைய முகத்திற் கிடந்தன, அருகே யார் துயின்றனர் என்பவற்றைக் கூறவல்ல கல்வெட்டும் மண்ணும் அவற்றோடு வருவதில்லை. நைமான் இளவரசியின் வயது எமக்குத் தெரிந்திருப்பது அக்கல்லறையைக் கள்வர் காணாது விட்டமையாலேயே.